படகில் ஒரு கழிப்பறை: வடகரையிலிருந்து அஷ்டமுடி வரை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஊர் உலகமெல்லாம் எங்கள் பக்கம் திரும்பும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் தலைகள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களும், தோளில் துண்டோடு நெய் மிளகாய் பஜ்ஜிக் கடையைத் தேடுபவர்களுமாகச் சாலை நிறைந்திருக்கும். குழந்தைகளுக்குப் படகு சவாரி வேண்டுமென்றால் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. மிதிபடகில் ஏறி அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கிவிடலாம். அந்தப் படகில் கழிப்பறை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அரை மணி நேரத்துக்கு அது தேவையில்லை.

ஆனால் படகில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்குவதென்றால்?

தென்காசியிலிருந்து வடமேற்கே, அச்சன்புதூர், பண்பொழி பக்கம் இருக்கிறது எங்கள் வடகரை. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. மேக்கரையில் அடவிநயினார் அணை. பண்பொழி மலைமேல் திருமலைக் குமாரசுவாமி கோயில். சீசனில் வெளியூர்க்காரர்கள் கிழக்கிலிருந்து இங்கே வருவார்கள். நாங்களோ சீசன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மேற்கே கிளம்புவோம். செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலையைத் தாண்டிக் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயலில் வீட்டுப்படகு. இந்த வழியில் ஒரு குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. காயலின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாத ஒன்றைப் பற்றியும், அதாவது படகின் கழிப்பறையைப் பற்றியும், கொஞ்சம் பேசலாம்.

ஒரே மலை, இரண்டு தண்ணீர்

எங்கள் மலையில் பெய்யும் மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. கிழக்குச் சரிவில் விழுந்தால் அது அனுமன் நதியிலும் சிற்றாற்றிலும் சேரும். அனுமன் நதி வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு கலக்கிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அதே மழை மேற்குச் சரிவில் விழுந்தால் கல்லடையாறாகித் தென்மலை அணையில் நின்று, பிறகு இறங்கி, அஷ்டமுடிக் காயலில் சேர்ந்து, நீண்டகரை முகத்துவாரம் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது.

மலை உச்சியில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி எங்கள் வயலுக்கு. அந்தப் பக்கம் விழுந்த துளி அஷ்டமுடிக்கு. அதனால் அந்தக் காயலை அடுத்த வீட்டுக் கிணறு மாதிரி நினைப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது.

மலை தாண்டும் ரயில்

செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை 1904-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. 2018-ல் அகலப்பாதையாக மாறி மறுபடி ஓடத் தொடங்கியது. பகவதிபுரம் தாண்டியதும் நீண்ட குகை. பிறகு ஆரியங்காவு, கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம், தென்மலை, புனலூர். ஜன்னலோர இடத்துக்குப் பெரியவர்களே சண்டை போடும் பாதை இது.

எங்கள் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய அத்தை இருந்தார். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் மகள் பாட்டிலை நீட்டினாள்.

“வேண்டாம் தாயி. படகுல அதுக்கு எடம் எப்படி இருக்குமோ என்னமோ. போய்ப் பாத்துட்டுக் குடிச்சுக்கிடுதேன்.”

நம் வீடுகளில் பயணம் கிளம்பும் பெண்கள் பலரும் செய்வதுதான் இது. காலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். பேருந்தானாலும் திருமண மண்டபமானாலும் முதல் கணக்கு கழிப்பறைதான். தண்ணீர் குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருந்தால் தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் வருவது நமக்குத் தெரியும். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் வயதில் இது விளையாட்டில்லை.

“அம்மா, ரயில்லயே போய்ட்டு வா. இப்பல்லாம் நல்லா இருக்கு” என்றார் அத்தையின் மகன். எனக்கு மச்சான். துபாயில் உல்லாசப் படகுகளுக்குக் குழாய், பம்பு வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வந்திருந்தார். அத்தை போய்விட்டு வரும்வரை அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

முன்பெல்லாம் ரயில் கழிப்பறையில் குனிந்தால் தண்டவாளம் ஓடுவது தெரியும். எல்லாம் நேராகப் பாதையில் விழும். இன்று பெட்டிக்கு அடியில் தொட்டி இருக்கிறது. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் ரயில்வேயும் சேர்ந்து கொண்டுவந்த உயிரிக் கழிப்பறை இது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தத் தொட்டியில் கழிவைத் தின்று நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. நம் தமிழ்நாட்டில் மானாமதுரை–ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதைதான் 2016 ஜூலையில் நாட்டின் முதல் பசுமை ரயில் பாதையாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையில் ஓடும் ரயில்களின் கழிவு தண்டவாளத்தில் விழாது என்பது அதன் பொருள். 2019 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளுக்கும் இது வந்துவிட்டது.

“தொட்டிக்குள்ள இருக்க பாக்டீரியா எல்லாத்தையும் தின்னும். பிளாஸ்டிக் பாட்டிலையும் குட்கா கவரையும் நாப்கினையும் மட்டும் தின்னாது. நம்மாளுக அதத்தான் போடுவாக” என்றார் மச்சான்.

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கும் இதுதான் முதல் விதி.

வீட்டில் எளிது, படகில் ஏன் சிக்கல்?

கொல்லத்தில் படகுத்துறை, அரசுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் காயல் எட்டுக் கைகளாகப் பிரிந்து கிடப்பது தெரியாது. படகு நகர நகரத்தான் ஒவ்வொரு கையாகத் திறக்கும். கரையெங்கும் தென்னை. கம்பங்களில் நீர்க்காகங்கள். மலைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம் என்பதால் ஒரு பக்கம் நன்னீர் வாசம், ஒரு பக்கம் உப்புக் காற்று. கல்லடையாறு வந்து சேரும் இடத்தில் மன்றோ தீவு.

படகில் ஏறியதும் அத்தை பார்த்த முதல் இடம் காயல் அல்ல, கழிப்பறை. பளிச்சென்று வெள்ளைப் பீங்கான், தண்ணீர்த் தொட்டி, கைக்குழாய். வீட்டில் இருப்பது போலவேதான். முகத்தில் நிம்மதி வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்: “ஏல, இது எங்கல போவுது?”

நல்ல கேள்வி. வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் பூமியின் ஈர்ப்புதான். தண்ணீர் ஊற்றினால் பள்ளத்தை நோக்கித் தானே ஓடிவிடும். கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர், நாற்றம் மேலே வராமல் தடுக்கும். அடுத்தது செப்டிக் டேங்க் அல்லது பாதாளச் சாக்கடை. அவ்வளவுதான்.

படகில் இந்த ஏற்பாடு மூன்று இடத்தில் உதைக்கும். முதலாவது, சிறிய படகுகளில் கழிப்பறை வெளியே இருக்கும் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கலாம். அப்போது கழிவு தானாகக் கீழே போகாது. வெளித் தண்ணீர்தான் உள்ளே வரப் பார்க்கும். இரண்டாவது, படகு ஆடும். வளைவில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து ஆடும். மூன்றாவது, படகில் இடமும் நல்ல தண்ணீரும் குறைவு. வீட்டில் போல வாளி வாளியாக ஊற்ற முடியாது.

கையால் அடிக்கும் பம்பு

இந்த மூன்றுக்கும் விடையாக வந்ததுதான் கைப்பம்பு வைத்த கடல் கழிப்பறை. துபாய்ப் படகுத்துறைகளிலும் கொச்சி போல்காட்டி படகுத்துறைக்கு வந்துபோகும் பாய்மரப் படகுகளிலும் இதைப் பார்க்கலாம். மச்சான் ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினார்.

சின்னக் கோப்பை. பக்கத்தில் கிணற்றடி அடிபம்பு போல ஒரு சிறு பம்பு. படகின் அடிப்பலகையில் ஒரு துளை. அதில் திறந்து மூடும் வால்வு. பம்பை அடித்தால் அந்தத் துளை வழியாகக் கடல் தண்ணீர் கோப்பைக்கு வரும். அதே அடியில் கோப்பையில் இருப்பது மறுபக்கக் குழாயில் தள்ளப்படும். பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் உள்ளே வரும். மறுபக்கம் திருப்பினால் தண்ணீர் வராது, கோப்பை காலியாவது மட்டும் நடக்கும். வேலை முடிந்ததும் காலியாக்கும் பக்கத்திலேயே குமிழை வைத்துவிட்டு வர வேண்டும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு காவல்காரர்கள் உண்டு. ஒருவர், வாத்தின் அலகு மாதிரி இருக்கும் ரப்பர் வால்வு. உள்ளிருந்து தள்ளினால் அலகு திறக்கும். வெளியிலிருந்து திரும்பி வந்தால் அலகு மூடிக்கொள்ளும். கழிவு மறுபடி கோப்பைக்கு ஏறாமல் தடுப்பது இவர்தான். இன்னொருவர், குடைக் கைப்பிடி மாதிரி நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும் குழாய். அதன் உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு வால்வு.

அந்தக் குடைக் கைப்பிடி எதற்கு? ட்ரம்மிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்கக் குழாயை வாயில் வைத்து ஒரு இழு இழுப்பார்களே, நினைவிருக்கிறதா? ஒருமுறை இழுத்துவிட்டால் பிறகு தானே கொட்டிக்கொண்டே இருக்கும். படகின் குழாயிலும் அதே கதை நடக்கலாம். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது கடல் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பை வழியாகப் படகுக்குள் வழிந்துகொண்டே இருக்கும். உச்சியில் காற்று புகுந்தால் அந்த இழுப்பு அறுந்துபோகும். கட்டியிருந்த படகு கட்டிய இடத்திலேயே மூழ்குவதற்குக் கழிப்பறைக் குழாயும் ஒரு காரணமாகலாம். அதனால்தான் படகை விட்டு இறங்கும்போது அடித்துளை வால்வை மூடு என்பது எல்லா நாட்டிலும் படகுக்காரர்கள் சொல்லும் பாடம்.

கெட்டுவள்ளத்தில் என்ன நடக்கிறது?

கேரளத்து வீட்டுப்படகு அப்படியில்லை. கெட்டுவள்ளம் என்பது ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்த பழைய நெல் படகு. லாரி வந்ததும் அதற்கு வேலை போயிற்று. 1990-களில் அறையும் கூரையும் போட்டுச் சுற்றுலாவுக்கு இறக்கினார்கள். இதில் கழிப்பறை மேல்தளத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். எனவே வீட்டுப் பீங்கானே போதும். கழிவு ஈர்ப்பிலேயே கீழே இறங்கும். இறங்குவது காயலுக்குள் அல்ல, படகின் வயிற்றில் இருக்கும் தொட்டிக்குள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொட்டி இருந்துவிட்டால் மட்டும் போதாது. அது நிறைவதற்குள் கரைக்கு வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். படகில் 6 பேர். ஆளுக்கு நாளுக்கு 5 முறை. ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் தண்ணீர். நாளைக்கு 180 லிட்டர். இரண்டு நாளில் 360 லிட்டர். நம் வழக்கப்படி கைக்குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் தண்ணீர் தனி. 500 லிட்டர்த் தொட்டி மூன்று நாள் தாங்காது. கைப்பம்பில் ஒரு முறைக்கு 2 லிட்டர் என்றால் அதே ஆறு பேருக்கு நாளைக்கு 60 லிட்டர்தான். தண்ணீர் குறைந்தால் தொட்டி கூடுதல் நாள் தாங்கும்.

இங்கே நம் பழக்கம் ஒரு வகையில் நல்லது. காகிதம் அடைக்கும், தண்ணீர் அடைக்காது. ஆனால் கைக்குழாயைப் பீய்ச்சுவதற்குப் பதில் ஒரு குவளை வைத்துக்கொண்டால் பாதித் தண்ணீர் மிச்சம். அத்தைக்கு இது சொல்லியே தர வேண்டியிருக்கவில்லை. குடத்தில் சுமந்த தலைமுறை.

பழுதாகாமல் இருக்க

படகில் வேலை பார்க்கும் தம்பிகளிடமும் மச்சானிடமும் கேட்டதில், படகுக் கழிப்பறையை நம்பகமாக வைத்திருப்பதற்கு இரகசியம் எதுவும் இல்லை. சில பழக்கங்கள்தான்.

முதல் விதி: வயிறு வழியாக வந்தது மட்டுமே உள்ளே போக வேண்டும். நாப்கின், ஈரத் துடைப்பான், பஞ்சு, குழந்தையின் டயப்பர், சீப்பில் வந்த முடி, மாத்திரை அட்டை, சாம்பார் மிச்சம் எதுவும் கூடாது. பாக்கெட்டில் ‘கரையும்’ என்று அச்சடித்த துடைப்பானும் சின்னக் குழாயில் கரைவதற்குள் அடைத்துவிடும். மூடி போட்ட ஒரு குப்பைக் கூடையும் சில காகிதப் பைகளும் கழிப்பறைக்குள்ளேயே இருந்தால் பாதிப் பழுது வராது. அந்தக் கூடை இல்லாத படகில்தான் பெண்கள் வேறு வழியில்லாமல் கோப்பையில் போடுகிறார்கள். தவறு அவர்களுடையதல்ல, கூடை வைக்காதவருடையது.

இரண்டாவது: போதுமான அளவு அடிக்க வேண்டும். கைப்பம்பில் கோப்பை சுத்தமானதும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கழிவு இன்னும் குழாயில்தான் நிற்கும். 38 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். தொட்டி மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் மூன்று லிட்டருக்கு மேல் போனால்தான் குழாய் காலியாகும். குழாயில் தங்கியதுதான் நாறும், இறுகும்.

மூன்றாவது: உப்புத் தண்ணீரில் ஓடும் கழிப்பறைக்குக் கல் வரும். கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உள்சுவரில் வெள்ளைப் படிவமாகக் கட்டும். மனிதனுக்குச் சிறுநீரகக் கல் என்றால் படகுக்குக் குழாய்க் கல். வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது வினிகர் ஊற்றி ஓர் இரவு விட்டால் படிவம் இளகும். படகு சும்மா நிற்கப் போகிறதென்றால் கடைசியாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவைக்க வேண்டும். குழாயில் நிற்கும் கடல் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அழுகினாலே அழுகிய முட்டை நாற்றம் வரும்.

நான்காவது: அமிலமும் பிளீச்சிங் திரவமும் வேண்டாம். அவை ரப்பர் வால்வைக் கெடுக்கும். உயிரித் தொட்டியாக இருந்தால் உள்ளே வேலை செய்யும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். வீட்டில் பளபளவென்று ஆக்கும் அதே திரவம் இங்கே தொட்டியைச் செயலிழக்கச் செய்யும்.

ஐந்தாவது: தொட்டிக்கு மூச்சுக்குழாய் உண்டு. அது அடைத்தால் நாற்றம் அறைக்குள் திரும்பும். பம்பும் திணறும். சிலந்தி கூடு கட்டினாலே போதும், அடைத்துவிடும். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆறாவது: வாத்தலகு ரப்பர் வால்வை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சிறிய சாமான்தான். அது தளர்ந்துவிட்டதற்கு அடையாளம், கோப்பையில் தானாகத் தண்ணீர் ஏறுவது. மாற்று வால்வும் வாஷர்களும் படகிலேயே ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். நடுக்காயலில் கடை கிடையாது.

“எல்லாம் சரியா இருந்தும் நாறுதுன்னா?” என்று கேட்டேன்.

“வெந்நில ஒரு துணிய நனச்சு, குழாய் மேல சுத்தி வைங்க. ஆறுனதும் துணிய மோந்து பாருங்க. துணி நாறுனா குழாயே நாத்தத்தக் கசிய விடுதுன்னு அர்த்தம். குழாய மாத்தணும். நாறலன்னா வேற எங்கயோ கோளாறு” என்றார் மச்சான். பத்து ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை.

பெரிய கப்பலுக்கும் இதே கதை

இது ஏதோ சின்னப் படகுகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1945 ஏப்ரல் 14-ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஜெர்மனியின் யு-1206 என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்து கரையருகே கடலுக்கடியில் இருந்தது. ஆழத்தில் இருக்கும்போதே கழிவை வெளியேற்றும் புது வகைக் கழிப்பறை அதில். அந்தக் கழிப்பறையில் ஏற்பட்ட கோளாறால் கடல்நீர் உள்ளே புகுந்தது. பேட்டரிகளில் உப்புநீர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். கப்பல் மேலே வரவேண்டியதாயிற்று. எதிரி விமானங்கள் பார்த்துவிட்டன. கடைசியில் கப்பலைக் கைவிட்டு மூழ்கடித்தார்கள்.

2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் என்ற உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் தீக்காயமில்லை. ஆனால் மின்சாரம் போனதும் பெரும்பாலான கழிப்பறைகள் நின்றுபோயின. 4,000-க்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வளைகுடாவில் நாள்கணக்கில் தவித்தார்கள். தாழ்வாரங்களில் கழிவுநீர். உணவும் நீச்சல் குளமும் நாடக அரங்கும் வைத்திருந்த கப்பலைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒன்றை மட்டும்தான்.

பெரிய கப்பல்களுக்குச் சர்வதேச விதி உண்டு. மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவை நிலத்திலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அப்படிச் செய்யாத கழிவு என்றால் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். அப்போதும் கப்பல் நின்றுகொண்டு கொட்டக் கூடாது, ஓடிக்கொண்டே மெதுவாக விட வேண்டும்.

இந்த அளவுகோலை அஷ்டமுடியில் வைத்துப் பாருங்கள். காயலின் நடுவில் நின்றாலும் இரண்டு பக்கமும் கரையில் துணி உலர்வது தெரியும். 12 மைலுக்கு எங்கே போவது? எனவே உள்நாட்டு நீரில் ஓடும் படகுக்கு ஒரே வழிதான்: எல்லாம் தொட்டிக்குள், தொட்டியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நம் நாட்டில் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, படகுகள் நீரை மாசுபடுத்தாமல் தடுப்பதற்கென்றே தனி ஏற்பாடுகள் வைத்திருக்கிறது.

தட்டில் வந்து சேரும்

அன்று மதியம் படகில் கரிமீன் பொரித்துத் தந்தார்கள். கூடவே சிப்பி வறுவல். அஷ்டமுடியின் மஞ்சள்காலி மட்டி உலகப் புகழ் பெற்றது. 2014-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எம்.எஸ்.சி. என்ற நீடித்த மீன்பிடிப்புச் சான்று பெற்றது இந்தக் காயலின் மட்டித் தொழில்தான். காயலும் 2002-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம்.

மட்டி எப்படிச் சாப்பிடும் தெரியுமா? தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதப்பதை வடிகட்டித் தின்னும். தண்ணீரில் என்ன மிதக்கிறதோ அதுதான் அதன் சாப்பாடு. ஒரு படகு இரவில் யாருக்கும் தெரியாமல் தொட்டியைத் திறந்துவிட்டால், அது மட்டி வழியாக யாரோ ஒருவர் தட்டுக்கு வந்து சேரும். கழுத்தளவு தண்ணீரில் நின்று கால்விரலாலும் கையாலும் மட்டி எடுப்பவர்களின் தோலிலும் ஒட்டும். மீன் விற்றுப் பிழைக்கும் கரையோரக் குடும்பங்களின் வரும்படியிலும் கை வைக்கும்.

இன்னொரு உயிரும் இதில் இருக்கிறது. தொட்டி அடைத்துக்கொண்டால், “யாராவது இறங்கிப் பார்” என்று சொல்லிவிடக் கூடாது. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தெரியாத அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும். கழிவுத் தொட்டிகளில் இறங்கி எத்தனை பேரை இழந்திருக்கிறோம்! பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. படகின் தொட்டிக்கும் அதே நியாயம்தான். வெளியிலிருந்து குழாய் போட்டு இயந்திரத்தால் உறிஞ்சும்படி தொட்டியை அமைக்க வேண்டும்.

மாலையில் மன்றோ தீவுப் பக்கம் படகு நின்றபோது அத்தை மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு தேங்காய்ப்பால் போட்ட பாயசம். பிறகு கட்டன் சாயா. இருட்டும் வரை மேல்தளத்தில் உட்கார்ந்து கல்லடையாறு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம மலத் தண்ணிலா இது” என்றார்.

பதிவு செய்வதற்கு முன்

இந்தச் சீசனில் குற்றாலம் வந்துவிட்டு அப்படியே கொல்லம் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: வாடகை, சாப்பாடு, ஏசி எல்லாம் கேட்பீர்கள். கூடவே ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

கழிவுத் தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர்? கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தீர்கள், எங்கே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்? எங்கள் கூட்டத்தில் இத்தனை பேர், இத்தனை நாள், தாங்குமா? கழிப்பறையில் மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறதா? வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா? படகு ஆடும்போது அந்தக் கைப்பிடி இளையவர்களுக்கும் உதவும்.

நேராகப் பதில் சொல்பவரின் படகு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்” என்று மழுப்பினால் அடுத்த படகைப் பாருங்கள். பத்துக் குடும்பங்கள் கேட்டால் பதினோராவது குடும்பம் வருவதற்குள் படகுக்காரரே கூடை வாங்கி வைத்துவிடுவார். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ‘மீன் இன்று பிடித்ததா?’ என்று கேட்கிறோமே, அதே குரலில் இதையும் கேட்கலாம். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றிய கேள்விதான்.